அத்தான் சொல்லட்டும் என்று

முள்ளிவாய்க்காலில் ஷெல் விழுந்தபோதும் கழற்றாத தாலிக்கொடியை, கொம்பியூட்டருக்குச் சாமான் செய்கிற ஒரு அமெரிக்கக் கொம்பனிக்காகக் கழற்றிக் கொடுத்தேன். கேட்டவர் என் கணவர். கொடியை விற்ற காசைக் கனடாவில் இருக்கிற என் தம்பிக்கு அனுப்பி, அவன் பெயரில் பங்கு வாங்கினோம். வெளிநாட்டிலிருந்து ஊருக்குக் காசு வருவதுதான் வழக்கம். ஸ்கந்தபுரத்திலிருந்து கனடாவுக்குக் காசு அனுப்பிய அதிசயப் பிறவிகள் நாங்களாகத்தான் இருப்போம்.

பங்கு ஏறு ஏறென்று ஏறியது. இவர் வயலைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டு, முற்றத்தில் கதிரையைப் போட்டு ஃபோனும் கையுமாக இருந்தார். கடைக்காரர் இவரை “முதலாளி” என்றார். எனக்கும் பெருமைதான், ஏன் மறைப்பான்? கழுத்தில் கிடந்த மஞ்சள் கயிற்றைத் தடவிக்கொண்டே, முன்னதைவிடத் தடித்த கொடி ஒன்றை மனதுக்குள் செய்து போட்டுக்கொண்டேன்.

பிறகு விழத் தொடங்கியது.

“தம்பிக்கு ஃபோன் எடுத்து விக்கச் சொல்லுங்கோவன்.”

“மச்சானிட்ட நான் போய்க் காசுக்கு நிக்கிறதோ? அவனுக்கும் தெரியும்தானே. அவன் எடுக்கட்டும்.”

பெண் எடுத்த வீட்டில் வாய்விட்டுக் கேட்டால் மரியாதை கெட்டுவிடுமாம். நானே எடுக்கப்போனபோது ஃபோனைப் பறித்துக் கன்னத்தில் அறைந்தார். நான் தேங்காய்ப் பாதியால் எறிந்து அவர் புருவத்தைக் கிழித்தேன். அந்த நாட்களில் எங்கள் குசினியில் உடையாத சட்டி இல்லை. கடைசியில் கொம்பனி முறிந்தது. எல்லாம் போயிற்று.

வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குத் தம்பி வந்தான். சாப்பிட்டுக்கொண்டே, அதே கொம்பனியில் இருந்த தன் பங்குகளை நல்ல விலைக்கு விற்று வீடு வாங்கியதைச் சொன்னான்.

இவர் கை சோற்றில் நின்றது. “அப்ப எங்கட?”

“அத்தான் சொல்லாமல் உங்கட பங்கில நான் எப்பிடிக் கை வைக்கிறது? நீங்கள் சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டு இருந்தனான்.”

இவர் எழும்பிப் போய்க் காட்டுக்கத்தியை எடுத்தார். வெருட்ட எடுக்கவில்லை. அந்தக் கண்களை நான் அதற்கு முன் கண்டதில்லை. மா இடித்துக்கொண்டிருந்த உலக்கையால் அவர் மணிக்கட்டில் போட்டேன். எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. கத்தி விழுந்தது.

தம்பி சுவரோடு ஒட்டிக்கொண்டு, “அக்கா, நான் மரியாதைக்குத்தானே…” என்றான்.

அந்தச் சொல்தான் எனக்கு விசரைக் கிளப்பியது. தன் காசுக்கு மூளை, என் தாலிக்கு மட்டும் மரியாதை!

“உன்ர மரியாதையைக் கொண்டுபோய்க் கடலுக்க போடடா!”

உலக்கையை அவன் தலைக்கு ஓங்கினேன். செத்தால் சாகட்டும் என்றுதான் அந்த நொடியில் இருந்தது.

குறுக்கே பாய்ந்தவர் என் கணவர். முறிந்த கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அந்த அடியையும் தன் தோளில் வாங்கினார்.

“விடடி! அவன் உன்ர தம்பியடி!”

சற்று முன் அவனை வெட்டப் போன மனிதர்தான் அப்படிக் கத்தினார். தாலியை விற்றபோதும், எல்லாம் போனபோதும் வராத அழுகை எனக்கு அப்போதுதான் வந்தது.