தராசில் எண்பது

சீனன்குடாவிலிருந்து இரத்மலானைக்கு விமானத்தில் எவ்வளவு நேரம் என்று றிஸ்கானை நித்திரையில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்: ஒரு மணித்தியாலம். தரைவழியாகப் போனால் தூரம் அப்படியொன்றும் கூடிவிடாது. ஆனால் வாகனம் பிடித்துப் போனாலே ஆறு மணித்தியாலம், இடுப்பு முறிந்துவிடும். கிண்ணியாவிலிருந்து தினமும் மோட்டார் சைக்கிளில் வந்து, பதினான்கு வருடமாக அந்தச் சின்ன விமானத்துக்குப் பெட்டி ஏற்றுகிற மனிதர். ஒருநாளாவது அதில் ஏறியிருக்கிறாரா என்று மட்டும் கேட்காதீர்கள்.

ஏற்றுமுன் நிறுப்பதும் அவர்தான். பெட்டியை மட்டுமல்ல, ஆட்களையும். இருப்பதே எட்டு இருக்கை. யாராக இருந்தாலும் தராசில் ஏறி நின்றுதான் ஆக வேண்டும். இதில் மனிதர் படு கண்டிப்பு. போன கிழமை கிளிவெட்டிக் காசிநாதர் மகளுக்கென்று கொண்டுவந்த புது அரிசியில் மூன்று கிலோவை வாசலிலேயே இறக்க வைத்தார். கிழவர் எவ்வளவோ கெஞ்சியும் பலிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை பத்தரைக்கு, இரத்மலானைக்குப் பக்கத்தில் தெஹிவளையில் இருக்கும் ராத்தாவின் மகன் நஸ்ரி போன் எடுத்தான். ராத்தா மவுத்தாகிவிட்டார், பின்னேரம் மூன்றரைக்கு, அஸர் தொழுகையோடு அடக்கம். உம்மா போன பிறகு றிஸ்கானுக்குச் சோறு தீத்தி, தலை வாரி, பள்ளிக்கூடம் அனுப்பியதெல்லாம் அந்த அக்காதான். மண்ணுக்குள் வைக்குமுன் அந்த முகத்தை ஒருதரம் பார்க்க வேண்டும். வேறெதுவும் அவருக்குத் தோன்றவில்லை.

தரைவழி இனிச் சரிவராது. பகல் ஒரு மணிக்குப் புறப்படும் விமானத்தில் ஓர் இருக்கை காலியாக இருந்தது. அதில் வருகிறேன் என்று நஸ்ரியிடம் சொல்லிவிட்டு விமானியிடம் ஓடினார். இன்னும் எழுபத்தாறு கிலோ ஏற்றலாம், அதற்குள் அடங்கினால் தாராளமாக வாருங்கள் என்றார் விமானி. உங்களையும் நிறுத்து எழுதி வையுங்கள் என்று சொல்லிவிட்டுத் தன் வேலைக்குப் போனார்.

றிஸ்கான் சப்பாத்தைக் கழற்றினார். பெல்ட், திறப்புக் கோர்வை, போன் எல்லாவற்றையும் மேசையில் வைத்தார். தராசில் ஏறினார். எண்பது.

இறங்கி, மூச்சை முழுதாக வெளியே விட்டு மறுபடி ஏறினார். காற்றுக்கு ஏது பாரம், பாவம்! அதே எண்பதுதான்.

பக்கத்தில் ஒருவரும் இல்லை. எழுபத்தாறு என்று எழுதினால் யார் கேட்கப் போகிறார்கள்? நாலு கிலோவில் விமானம் விழுந்துவிடாது என்று மனம் சொன்னது. ஆனால் இத்தனை வருடமாக அவரிடம் கெஞ்சிய அத்தனை பேரும் இதே நியாயத்தைத்தான் சொன்னார்கள். கண்ணாடிக்கு அப்பால் பயணிகள் ஏழு பேரும் அவர் எழுதுகிற எண்ணை நம்பித்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

எண்பது என்றே எழுதினார். விமானி வந்து பார்த்தார். றிஸ்கானின் தோளைத் தொட்டார். றிஸ்கான் பெட்டிகளை ஏற்றி, கதவைச் சாத்தி, ஒதுங்கி நின்றார். விமானம் குடாவுக்கு மேலாகப் போய் மறைந்த பிறகுதான் சுவரோடு சாய்ந்து வாய்விட்டு அழுதார். நஸ்ரிக்குப் போன் எடுக்கவில்லை.

மூன்று மணிக்கு அவனே எடுத்தான்.

"மாமா, எங்க நிக்கிறீங்க? ஒரு மணித்தியாலம்தானே எண்டு எல்லாரும் பாத்துக்கொண்டு இருக்கிறம். பொழுதுபட்டு மஃரிப் தொழுகை வரைக்கும் வெச்சிருக்கவா?"

"வேணாம் மகன். ராத்தாட மையத்தைக் காக்க வைக்கக் கூடாது. முகத்தை மூடுங்க," என்றார் றிஸ்கான். "நான் இன்னும் சீனன்குடாவிலதான் நிக்கிறன்."