அப்பா பக்கத்துச் சோழிகள்

என் அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் நடந்த மாதிரி ஒரு சண்டை ரெட்டியார்பாளையத்தில் வேறு எந்த வீட்டிலும் நடந்திருக்காது. மற்ற வீடுகளில் அண்ணன் தம்பிகள் வரப்புக்கும் வாய்க்காலுக்கும் அடித்துக்கொண்டார்கள். எங்கள் வீட்டிலோ, இங்கிலீஷ் வார்த்தைகள் யாருக்குச் சொந்தம் என்று அடித்துக்கொண்டார்கள்.

பெரியப்பா இங்கிலீஷ்காரர்கள் ஆண்ட கடலூரில் மாமன் வீட்டில் தங்கிப் படித்தவர், இங்கிலீஷ் வாத்தியார். அப்பா புதுச்சேரியிலேயே பிரெஞ்சு படித்து, பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காலத்திலேயே சர்க்கார் ஆபீசில் எழுத்தர் வேலைக்குப் போனவர். சாயங்காலம் இருவரும் சாப்பிட உட்கார்ந்தால் ஆட்டம் ஆரம்பித்துவிடும். பெரியப்பா பேச்சுவாக்கில் இங்கிலீஷ் வார்த்தை ஒன்றை விட்டுவிட்டால், அது பிரெஞ்சிலிருந்து போனதுதான் என்று அப்பா காட்ட வேண்டும். காட்டிவிட்டால் அப்பா பக்கம் ஒரு சோழி, இல்லையென்றால் பெரியப்பா பக்கம். சோழி வைக்கிற பதவி எனக்கு. ஏழு வயதில் எனக்கிருந்த மிடுக்கைப் பார்க்க வேண்டுமே!

டேபிள், கோர்ட், ஜட்ஜ் என்று ஒவ்வொன்றாக அப்பா பிடுங்கிக்கொள்வார். ஜெயித்ததும் தொடையைத் தட்டி, "வுவாலா!" என்பார். 'இதோ பார்' என்பதற்கு பிரெஞ்சில் அப்படிச் சொல்வார்களாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, "மட்டன் பஞ்சா வெந்திருக்கு" என்று அம்மாவைப் பாராட்டப்போய்ப் பெரியப்பா மாட்டிக்கொண்டார்.

"அது எங்க 'மூதோன்'ணே! எங்ககிட்ட அது உசுரோட மேயற ஆடு. இங்கிலீஷ்காரன் ஓட்டிட்டுப் போயி வெட்டிக் கொழம்புல போட்டுட்டான்" என்றார் அப்பா.

"வாக்கப்பட்டுப் போன பொண்ணுடா அது. போன வீட்டுப் பழக்கத்துக்கு மாறத்தான் மாறும். இன்னும் எங்க பொண்ணு எங்க பொண்ணுன்னா எப்புடி?"

இருந்தாலும் சோழி அப்பா பக்கம்தான் விழுந்தது.

பிரெஞ்சுக் கொடி இறங்கிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. ஆபீஸ் காகிதங்கள் ஒவ்வொன்றாக இங்கிலீஷுக்கு மாறின. அப்பா கவலையே படவில்லை. பாதி வார்த்தை நம்முடையதுதானே, மீதியைக் கற்றுக்கொண்டால் போச்சு என்று இருந்தார். என் தம்பி பிறந்தபோது, லீவு கேட்டு அவராகவே இங்கிலீஷில் விண்ணப்பம் எழுதினார். பெரியப்பாவிடம் காட்டவில்லை. தினமும் தன்னிடம் தோற்கிற ஆளிடம் போய்க் காட்டுவாரா என்ன!

பிரெஞ்சில் 'தெமாந்தே' என்றால் வெறுமனே கேட்பது. அந்த நினைப்பில் 'டிமாண்ட்' என்று எழுதிவிட்டார். இங்கிலீஷுக்குப் போன அந்த வார்த்தை அங்கே அதட்டக் கற்றுக்கொண்டுவிட்டது அவருக்குத் தெரியாது. மெட்ராஸிலிருந்து வந்திருந்த அதிகாரி, அவரைவிடச் சின்னவர், எல்லார் முன்னாலும் அதை உரக்கப் படித்துவிட்டு, "லீவு கேக்கறியா, மிரட்டறியா?" என்றாராம். ஆபீஸே சிரித்திருக்கிறது.

"எங்கிட்ட ஒரு தடவ காட்டியிருக்கக் கூடாதாடா?" என்று பெரியப்பா பதறினார்.

அப்பா தட்டிலிருந்து தலையை எடுக்கவில்லை. "இத்தினி வருசமா எழுதியே பொழச்சேன்ணே. இப்ப கைநாட்டா ஆயிட்டேன்."

அதோடு சோழிப் பெட்டி பரண் ஏறியது. நான் நச்சரித்தபோதெல்லாம் அம்மாவிடம் குட்டு வாங்கியதுதான் மிச்சம்.

பிறகு புதுச்சேரி முறைப்படி இந்தியாவோடு சேர்ந்தது. பிரெஞ்சுக் குடிமக்களாகவே இருக்க விரும்புகிறவர்கள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். அப்பா எழுதிக் கொடுத்துவிட்டு, பிரான்ஸுக்கே கிளம்புவதென்று முடிவு செய்துவிட்டார். பெரியப்பா திட்டிப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார், சாப்பிடாமலும் கிடந்து பார்த்தார்.

"அங்க போனா நான் எழுதறத பாத்து யாரும் சிரிக்க மாட்டாங்கண்ணே. வூடு பாத்துட்டு இவங்கள கூப்ட்டுக்கறேன்" என்றார் அப்பா.

பம்பாய்க்குப் போய்க் கப்பல் ஏற வேண்டும். வழியனுப்ப எல்லாரும் ஸ்டேஷனுக்குப் போனோம். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற பெரியப்பா திடீரென்று பேச ஆரம்பித்தார்.

"டிக்கெட் பத்தரம்டா." நிறுத்தி அப்பாவின் முகத்தைப் பார்த்தார். "பாஸ்போர்ட்ட வெளிய எடுக்காத." மறுபடியும் பார்த்தார். "போனதும் லெட்டர் போடு. அட்ரஸ் வெளக்கமா எழுது."

எனக்கோ தலைகால் புரியவில்லை. நாலுமே அப்பா எப்போதோ ஜெயித்த வார்த்தைகள்! பெரியப்பா இவ்வளவு சுலபமாக ஒருநாளும் தோற்றதில்லை. அப்பாவோ கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டிருந்தார், தொடையைத் தட்டவே இல்லை. வண்டி நகர ஆரம்பித்தது. அதற்கு மேல் எனக்குப் பொறுக்கவில்லை.

"வுவாலா! நாலும் அப்பாவுக்கு!" என்று தொடையைத் தட்டிக்கொண்டு குதித்தேன்.

பெரியப்பா துண்டை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார். நாலு சோழி போனதற்குப் போய் இவ்வளவு பெரிய மனுஷர் அழுகிறாரே என்று எனக்குப் பாவமாகிவிட்டது. "அழாதீங்க பெரியப்பா. அப்பா திரும்பி வந்ததும் நீங்க ஜெயிச்சிடலாம்" என்று கையைப் பிடித்துக்கொண்டேன்.

அப்பா திரும்பி வரவில்லை. எங்களை அழைத்துக்கொள்வதற்குள் அந்த ஊர்க் குளிர் அவரைக் கொண்டுபோய்விட்டது. தன் தம்பி இன்னும் ஒரே ஒரு தடவை ஜெயித்துச் சிரிக்க மாட்டானா என்றுதான் பெரியப்பா அன்று தேடித் தேடித் தோற்றார் என்பது எனக்கு அப்போது எங்கே தெரிந்தது? அன்று ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகப் பரணிலிருந்து பெட்டியை இறக்கி, அப்பா பக்கம் நாலு சோழி வைத்தேன்.