பாலைவனத்தில் இழுத்து இழுத்துச் சொன்ன செபமாலை

சென்ற செப்டெம்பரில் நான் விதவையாகியிருக்க வேண்டியவள். அது நடக்கவில்லை. ஏன் நடக்கவில்லை என்பதை, என்னோடு சேர்ந்து செபிக்கிற உங்களுக்குச் சொல்லாமல் விட்டால் நான் நன்றி கெட்டவள்.

எங்கள் இருபத்தைந்தாவது கலியாண நாளுக்கு யூட்டா பாலைவனத்தில் மலைநடை போகலாம் என்று நானும் கணவரும் மொன்றியலிலிருந்து புறப்பட்டோம். அங்கே வாடகைக்கு எடுத்தது ஒரு சின்னக் கார். நடைபாதை தொடங்கும் இடத்துக்குத் தார் வீதியை விட்டு இறங்கி, இருபது கிலோமீற்றர் மண் பாதையில் போகவேண்டும். மணலில் கவனம் என்று கார் கொடுத்த பெண் சொன்னாள். இவர் சிரித்தார்.

"இருபது வருசமா ஸ்னோவில ஓடுறன். உந்த மணல் என்ன செய்யும்?"

செய்தது. ஒரு காய்ந்த ஆற்றுப் படுகையில் கார் நின்றுவிட்டது. மொன்றியலில் எங்கள் வில்லரேப் பக்கம் பனிக்குள் மாட்டினால் செய்வதுபோல, முன்னுக்கும் பின்னுக்குமாக மாற்றி மாற்றி மிதித்தார். சில்லு சுற்றச் சுற்றக் கார் கீழேதான் போனது. அடிப்பாகம் மணலில் குந்திவிட்டது. தொலைபேசியில் சிக்னல் இல்லை. போகிற இடத்தை யாருக்கும் சொல்லியும் வைக்கவில்லை. உச்சி வெயில். மூன்று போத்தல் தண்ணீர். இவருக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்து ஒரு வருடம்கூட ஆகவில்லை.

"பாதை வளைஞ்செல்லோ வந்தது. அந்தக் குன்றுக்கு மேலால நேரே போனா தார் ரோட்டு. நீர் இரும், நான் போட்டு வாறன்."

"உங்களுக்கென்ன விசரே? இந்த வெயிலுக்க, உந்த நெஞ்சையும் வச்சுக்கொண்டு!"

தொப்பியைப் போட்டுவிட்டார். அழுதேன், கேட்கவில்லை. கடைசியில், "ஒரு செபமாலை சொல்லிப்போட்டுப் போங்கோ" என்றேன். அதை மட்டும் மறுக்கமாட்டார். தொடங்கினால் முடியும்வரை எழும்பவும் மாட்டார். மன்னாரில் வளர்ந்த வளர்ப்பு அப்படி.

காரின் ஒட்டு நிழலில் இருந்தோம். என் செபத்தில் பக்தி பாதி, கள்ளம் பாதி. ஒவ்வொரு அருள்நிறைந்த மரியேயையும் இழுத்து இழுத்துச் சொன்னேன். ஐந்து தேவரகசியமும் முடிந்தன. ஒருவரும் வரவில்லை. மாதா பிரார்த்தனையைத் தொடங்கினேன். இவர் முறைத்தார், ஆனால் பதில் சொன்னார். அதுவும் முடிந்தது. பிறகு நோயாளருக்காக, பங்குச் சுவாமிக்காக, லொங்குய்யில் இருக்கிற மச்சாளின் பிள்ளைப்பேற்றுக்காக... வேண்டிக்கொள்ள ஆட்களே முடிந்துபோனார்கள். "ஆண்டவரே, எனக்கு இனிச் சொல்லத் தெரியேல்லை" என்று வாய்விட்டு அழுதேன். இவர் எழும்பி மணலைத் தட்டினார்.

அப்போது மலைப்பக்கம் புழுதி எழும்பியது.

ட்ரக்கில் வந்தவர்கள் வயதான ஒரு வெள்ளைக்காரத் தம்பதி. மனைவி எங்களுக்குத் தண்ணீர் தந்தார். கணவர் நான்கு டயரிலும் காற்றைப் பாதிக்கு இறக்கி, மணலை வாரி, கயிறு கட்டி மெதுவாக இழுத்தார். கார் வெளியே வந்தது. தார் வீதி அந்தக் குன்றுக்குப் பின்னால்தானே என்று இவர் கேட்டார். இல்லை, வீதி மற்றப் பக்கம், குன்றுக்குப் பின்னால் இருப்பது கிடுகிடு பள்ளம், தண்ணீரும் இல்லை, ஆளும் இல்லை என்றார் அந்த மனிதர். இவர் அப்படியே மணலில் இருந்துவிட்டார். கலியாணம் முடித்த நாளிலிருந்து இவர் அழுது நான் கண்டது அன்றுதான்.

இப்போது மண் பாதை என்றால் முதலில் விசாரிக்கிறோம். போகிற இடத்தைச் சொல்லிவைக்கிறோம். தண்ணீரைத் தாராளமாக ஏற்றுகிறோம். கார் நின்றால் காரை விட்டுப் போவதில்லை. ஆண்டவர் தந்த புத்தியைப் பாவிக்காமல் அவரைச் சோதிக்கக்கூடாது என்று படித்துக்கொண்டோம்.

அன்பானவர்களே, என் கள்ளச் செபத்தையே கேட்டவர், உங்கள் உண்மைச் செபத்தைக் கேளாமல் விடுவாரா? சொல்ல வார்த்தை முடிந்துபோனாலும் எழும்பிப் போய்விடாதீர்கள். எல்லாம் சொல்லி முடிந்த பிறகுதான் எனக்குப் புழுதி தெரிந்தது.