படுக்க வைத்த செங்கல்

படகில் இருந்தவர்கள்: நான். என் மனைவி. படகுக்குச் சொந்தக்காரரான அவள் அண்ணன், என் மச்சான். பால் கேனோடு பக்கத்து வீட்டு அக்கா.

கொள்ளிடத்தின் நடுவில் ஒரு திட்டில் நாங்கள் குடியிருந்தோம். தண்ணீர் வந்துவிட்டால் திருமானூர்க் கரைக்குப் படகில்தான் போக வேண்டும். தொண்ணூற்றெட்டு ஐப்பசி அது. புதிதாகத் துடுப்புப் பிடிக்கிறவன் முதல் நடையில் தன் வீட்டு ஆளை ஏற்ற வேண்டும். அது எங்கள் துறை வழக்கம். எதிர்க்கரையிலிருந்து திட்டுக்குக் கரும்பு வேலைக்கு வரும் ஆட்கள் அதைப் பார்த்துவிட்டுத்தான் ஏறுவார்கள்.

“நாலு பேராச்சும் ஏறலன்னா வேற ஆளப் போட்டுருவேன் மாப்ள. சங்கடப்படாத” என்று மச்சான் முதல் நாளே சொல்லிவிட்டார்.

எனக்கு வேறு வேலை இல்லை. அரியலூரில் லாரிக்குச் சிமெண்ட் மூட்டை ஏற்றி இடுப்பு போயிருந்தது. மச்சான் படகின் அடியில் சாக்கைப் போட்டுச் சம்மணம் கட்டித் துடுப்பு வலிப்பார். நான் அப்படி உட்கார்ந்தால் இடது கால் மரத்துவிடும். அதனால் இரண்டு செங்கல்லை நட்டுக்குத்தாக நிறுத்தி, மேலே பலகை போட்டேன். லோடுக்குக் காத்திருக்கும்போது மூட்டைமேல் உட்கார்ந்து பழகிய உயரம். மூட்டை கிடந்தது ஆடாத தரையில். அது அப்போது தோன்றவில்லை.

கிளம்பும்போது நன்றாக இருந்தது. வலி இல்லை. துடுப்பு ஆழமாக இறங்கியது.

“என்னா தம்பி, கல்யாண மாப்ள கணக்கா மணையில ஒக்காந்துருக்க? மால போட்டு வுடவா?” என்றது அக்கா.

நீரோட்டம் இழுக்கிற இடம் வந்தது. ஒரு பக்கம் சாய்ந்து வலித்தேன். படகும் என்னோடு சாய்ந்தது. கேன் உருண்டு மூடி கழன்றது. அக்கா மடியெல்லாம் பால்.

“அடப்பாவி, ஆத்துக்குப் பால் ஊத்தவா வந்தேன்?”

மச்சான் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். “கீழ எறங்கு மாப்ள. கவுத்துப்புடாத.”

“கால் மரத்துரும் மச்சான்.”

“மரத்தா மரத்துட்டுப் போவுது. கரையில பாத்துக்கிட்டு நிக்கிறாங்க.”

செங்கல்லை எடுத்துவிட்டுப் பலகையை அடியில் போட்டேன். ஆட்டம் நின்றது. ஆனால் விளிம்பு கக்கம்வரை வந்துவிட்டது. முழங்கை இடித்தது. துடுப்பு மேல்தண்ணீரைத்தான் வழித்தது. படகு ஓட்டத்தோடு போக ஆரம்பித்தது.

“கொடு இங்க” என்று மச்சான் கை நீட்டினார். நான் கொடுக்கவில்லை.

“ஏங்க, செத்த எழும்புங்க” என்றாள் மனைவி. கையை ஊன்றி எழும்பினேன். அவள் செங்கல் இரண்டையும் படுக்க வைத்தாள். வழுக்காமல் இருக்க ஈரச் சாக்கை மேலே விரித்துப் பலகையை வைத்தாள். உட்கார்ந்தேன். முழங்கை விளிம்பைத் தாண்டியது. பலம் முன்பைவிடக் குறைவு. படகு ஆடவில்லை. மச்சான் கையை இழுத்துக்கொண்டார்.

கரை வருவதற்குள் இடது கால் மரத்துவிட்டது. தொட்டுப் பார்த்தேன். வேறு யாருடைய காலையோ தொட்ட மாதிரி இருந்தது. எழுந்தால் விழுந்துவிடுவேன் என்று உட்கார்ந்தபடியே, “ஏறுங்க” என்றேன்.

யாரும் அசையவில்லை. அக்காவின் ஈரப் புடவையைப் பார்த்தார்கள்.

“என்னா பாக்குறீங்க? பால்தான் போச்சு, நான் போவல. ஏறுங்கடி” என்று அக்கா காலிக் கேனோடு இறங்கியது.

ஏறியவர்கள் ஐந்து பேர்.