தண்ணி வருது

எங்கள் ஊரில் என் முகத்தைவிட என் குரலுக்குத்தான் மதிப்பு. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஊர் வாட்ஸ்அப் குழுவை நடத்துவதும் நான்தான். கரண்ட் எப்போது போகும், ரேஷனில் பருப்பு வந்துவிட்டதா, ஆதார் முகாம் எங்கே, எந்தத் தெருவில் நாய் கடிக்கிறது, எல்லாவற்றையும் வாய்ஸ் மெசேஜாகப் போடுவேன். எழுதிப் போட்டால் பாதிப் பேர் படிப்பதில்லை. படிக்கிற பாதிப் பேரும் கடைக்கே வந்து, "என்னக்கா போட்டிருக்க?" என்று கேட்பார்கள்.

குரல் கணீரென்று இருக்கிறது என்று சொல்லி, பேரூராட்சி அலுவலகத்தில் குடிநீர் அறிவிப்பையும் என்னையே பேசவைத்துப் பதிவு செய்தார்கள். குழாயில் தண்ணீர் தினமும் வருகிற ஊர் இல்லை எங்களுடையது. வருகிற நாளில் ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ தெருத்தெருவாகப் போகும். அதிலிருந்து என் குரல், "தண்ணி வருது, தண்ணி வருது" என்று கத்தும். அவ்வளவுதான், கொதிக்கிற உலையை அப்படியே விட்டுவிட்டுக் குடத்தோடு ஓடுவார்கள். கல்யாண வீட்டுக்குப் போனால்கூட, "தண்ணி வருதாக்கா?" என்று யாராவது ஒருத்தி கேட்டுச் சிரிக்காமல் விடமாட்டாள். எனக்குக் கோபம் வரும். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகவும் இருக்கும்.

என் தம்பி சவூதியில் இருக்கிறான். அவன் பெண்டாட்டி கடலோரத்துக் கீழத்தெருவில் தனியாக இருக்கிறாள். வீடு கட்டும்போது வந்த ஒரு வாய்த்தகராறில் அவளும் நானும் பேச்சை விட்டோம். எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். நானும் சளைத்தவள் இல்லை. வாட்ஸ்அப் குழுவிலிருந்தும் வெளியேறிவிட்டாள். ஆனால் ஆட்டோவில் என் குரல் கேட்டுவிட்டால், குழாயடியில் முதல் ஆளாகப் போய் நிற்பது அவள்தான். நான் சொல்லி அவள் கேட்பது அந்த ஒன்றைத்தான்.

கீழத்தெருக் குழாயைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். மேட்டுக்குத் தண்ணீர் ஏறாது என்பதால், தெரு முடிந்து கடற்கரை தொடங்கும் பள்ளத்தில் குழி தோண்டி, அதற்குள் குழாயை வைத்திருக்கிறார்கள். ஒருத்தி குழிக்குள் இறங்கிப் பிடித்துக் கொடுக்க, மேலே நிற்பவள் குடத்தை வாங்கி வைக்க வேண்டும். ஒற்றை ஆளாகப் பிடிக்க முடியாது.

போன வருஷம் ஒரு மதியம் அலுவலகத்திலிருந்து போன் வந்தது. கடல் சீற்றமாக இருக்கும், அலை ஊருக்குள் ஏறலாம் என்று எச்சரிக்கை வந்திருக்கிறதாம். கீழத்தெரு ஜனங்களை உடனே பள்ளிக்கூட மேட்டுக்கு அனுப்ப வேண்டும், நீங்களே ஆட்டோவில் போய் மைக்கில் பேசிவிடுங்கள் என்றார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள். ஆண்கள் படகுகளைக் காப்பாற்றுவதற்காக படகுத்துறைக்குப் போயிருந்தார்கள். தெருவில் இருந்தது பெண்கள் மட்டும்தான். ஷட்டரை இழுத்துவிட்டு ஆட்டோவில் ஏறினேன்.

கீழத்தெரு முனைக்கு அந்தப் பக்கம் மணல், ஆட்டோ போகாது. முனையில் நிறுத்திக்கொண்டு, போனில் சொல்லிக் கொடுத்தபடியே தொடங்கினேன். "தாழ்வான பகுதிகளில் வசிக்கும் பொதுமக்கள் அனைவரும் பாதுகாப்பான இடங்களுக்கு..." ஒரு கதவும் திறக்கவில்லை. அந்த மாதிரித் தமிழைக் கேட்டால், யாரோ ஓட்டுக் கேட்டு வந்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வார்கள் எங்கள் ஊரில். எரிச்சலாக வந்தது. நம் பேச்சிலேயே சொல்லிவிடுவோம் என்று தொண்டையைத் திறந்தேன்.

"கடல் தண்ணி வருது! கடல் தண்ணி ஊருக்குள்ள வருது! மேட்டுக்கு வாங்க!"

காற்று கடலிலிருந்து என் முகத்தில் அறைந்துகொண்டிருந்தது. நான் சொன்னதில் பாதியை எனக்குப் பின்னாலேயே கொண்டுபோய்ப் போட்டிருக்க வேண்டும். சடசடவென்று கதவுகள் திறந்தன. அப்பாடா என்றிருந்தது. ஆனால் வெளியே வந்த ஒவ்வொருத்தி இடுப்பிலும் குடம் இருந்தது. எல்லாரும் கடலைப் பார்த்து ஓடினார்கள்.

"அக்கா, என்னக்கா அங்கன போறாக?" என்றான் ஆட்டோக்காரத் தம்பி.

என் குரலில் "தண்ணி வருது" என்று கேட்டால் அந்தத் தெருவுக்கு ஒரே அர்த்தம்தான். மைக்கைப் போட்டுவிட்டு மணலில் ஓடினேன். செருப்பு எங்கே கழன்றது என்று தெரியவில்லை. நான் போய்ச் சேர்வதற்குள் குழியைச் சுற்றிக் குடங்கள் வரிசை கட்டிவிட்டன. குழிக்குள் தம்பி பெண்டாட்டி நின்று, திறந்த குழாயின் வாயில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால், படகுகளை இழுத்துப் போடும் மணல் திட்டில் பாதியைக் காணவில்லை. அந்த இடத்தில் நுரை கிடந்தது.

"கடல் ஏறுதுடி! எல்லாரும் மேல வாங்க!"

"நீதானக்கா தண்ணி வருதுன்னு சொன்ன?" என்றாள் வரிசையில் நின்ற ஒருத்தி.

"நான் கடல் தண்ணியச் சொன்னேன்!"

"கடலு என்னைக்கும் இங்கனதான் கெடக்கு. கொழாத்தண்ணிய இன்னைக்கி விட்டா இனி என்னைக்கோ," என்று ஒரு அம்மா தன் குடத்தை இன்னும் முன்னால் தள்ளி வைத்தார். ஒருத்தி நகர்ந்தால் அடுத்தவள் குடம் அந்த இடத்துக்கு வந்துவிடும். கடலைவிட அதுதான் அவர்களுக்குப் பெரிய பயமாக இருந்தது.

குழியைப் பார்த்து, "ஏத்தா, உன்னயத்தான். மேல வா," என்றேன். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மேலே நின்றவளிடம், "வரிசையக் கலைக்கப் பாக்குறாக. அவுக தெருவுக்கு மொதல்ல தண்ணி வேணும்ல," என்றாள்.

ஓங்கி ஒன்று வைக்கலாம் போலிருந்தது. அதைவிட அதிகமாகப் பயந்தேன். தம்பிக்கு என்ன பதில் சொல்வேன்? கையைப் பிடித்து இழுத்தால் குழிக்குள்ளேயே உட்கார்ந்துகொள்வாள், அவள் பிடிவாதம் எனக்குத் தெரியும். நேரில் நிற்கிற என்னை அவள் நம்பமாட்டாள். ஆட்டோவில் வருகிற என்னைத்தான் நம்புவாள்.

திரும்பி ஓடினேன். "ஏலே, ஹாரன அடி. தண்ணி லாரி மாதிரி விடாம அடி," என்றேன். அவன் ஒரு நொடி என்னைப் பார்த்தான். பிறகு மைக்கை எடுத்து ஹாரனிடம் பிடித்து அமுக்கினான். ஊரே அதிர்ந்தது. மைக்கைப் பிடுங்கி நான் கத்தினேன்.

"தண்ணி லாரி! பள்ளிக்கூடத்துல தண்ணி லாரி! லாரி! லாரி!"

காற்று இதில் எதைத் தின்றாலும் மிச்சமே போதும். முதலில் வரிசையின் கடைசியில் இருந்தவள் திரும்பினாள். அவளைப் பார்த்து அடுத்தவள். அப்புறம் தள்ளுமுள்ளாகிவிட்டது, ஆளாளுக்கு மேட்டைப் பார்த்து ஓடினார்கள். குழியின் விளிம்பில் இரண்டு கைகள் ஊன்றுவதைப் பார்த்தபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. தம்பி பெண்டாட்டி கடைசியாக ஏறி, எல்லாரையும் முந்திக்கொண்டு, என் பக்கம் திரும்பாமலே ஆட்டோவைத் தாண்டிப் போனாள்.

மேட்டில் லாரி எங்கே இருக்கிறது? என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். "எங்கக்கா லாரி?" "வயித்தெரிச்சலக் கொட்டிக்கவா எங்கள ஓட விட்ட?" "உன் வாயில மண்ணு விழ!" கீழே தெருவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அலை ஏறாமல் போயிருந்தால் என்னை அங்கேயே பிய்த்துப் போட்டிருப்பார்கள். ஆனாலும் ஏறக் கூடாது என்றுதான் வேண்டிக்கொண்டேன்.

ஏறியது. இரைச்சல் போட்டுக்கொண்டெல்லாம் வரவில்லை. மணல் திட்டைக் கடந்து, குழியை இருந்த இடம் தெரியாமல் மூடி, வீட்டு வாசல்களுக்குள் நுழைந்தது. அவசரத்தில் விட்டுவிட்டு வந்த பிளாஸ்டிக் குடங்கள் தெருவில் மிதந்துபோய்க் கதவுகளில் முட்டின. என்னைத் திட்டிக்கொண்டிருந்தவள் பாதி வார்த்தையில் நின்றாள். தம்பி பெண்டாட்டி பள்ளிக்கூடச் சுவரோரம் வெறும் குடத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் போக வேண்டும் என்றிருந்தது. போகவில்லை.

கடல் இறங்கி, வீடுகளைக் கழுவி, குழியில் நிறைந்த மணலை அள்ளிய பிறகுதான் குழாயில் தண்ணீர் விட்டார்கள். வழக்கம் போல ஆட்டோ என் குரலோடு போனது. கொஞ்ச நேரத்தில் ஆட்டோக்காரத் தம்பி போன் செய்தான்.

"அக்கா, கீழத்தெருவுல ஒருத்தரும் கொடத்த எடுக்கல. புள்ளைகளத் தூக்கிட்டு மேட்டுக்கு வாராக."

ஓடினேன். உண்மைதான். மூட்டையும் பிள்ளையுமாகப் பாதித் தெரு மேடேறிக்கொண்டிருந்தது. மீதிப் பேர் வாசலில் நின்று கடலைப் பார்த்தார்கள். குழாயில் தண்ணீர் பீறிட்டு மணலில் வீணாகப் போய்க்கொண்டிருந்தது. "வாங்கத்தா, பயப்படாதீக" என்றேன். யாரும் அசையவில்லை.

தம்பி பெண்டாட்டி தன் வாசலிலிருந்து இறங்கி வந்தாள். ஆட்டோவுக்கு முன்னால் வந்து, பேச்சு விட்ட பிறகு முதல் தடவையாக என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"மதினி, இது எந்தத் தண்ணி?"

"நல்ல தண்ணித்தா. குடிக்கிற தண்ணி."

அவள் திரும்பி, "நல்ல தண்ணிடி! வாங்கடி!" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள். மைக் இல்லாமலே கேட்டது. உள்ளே போய்க் குடத்தை எடுத்துக்கொண்டு நேராகக் குழிக்குள் இறங்கினாள்.

மற்றவர்கள் இன்னும் வந்து சேரவில்லை. பின்னாலேயே போன நான் மட்டும்தான் மேலே நின்றிருந்தேன். நிறைந்த குடம் குழியிலிருந்து மேலே வந்தது.

"பிடிங்க மதினி, கனக்குது."