பூரணி இருக்காளா?

டொக்... டொக்... டொக்.

பின்கதவில் மூன்று தட்டு. அப்பாவின் டைம்பீஸில் மணி பகல் இரண்டு நாற்பது. நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். கேட்ட காது என்னுடையது.

1957. இலங்கையில், பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். எனக்குக் காய்ச்சல். அம்மாவும் அப்பாவும் மலைக்கு வேலைக்குப் போயிருந்தார்கள். ஒற்றையறைக் காம்பராக்கள் வரிசையாக நின்ற எங்கள் லயத்தில் ஆள் அரவமில்லை. வாசல்வரை பனிமூட்டம்.

அந்த நாட்களில் என்னை ஒரே கேள்விதான் அரித்தது. பள்ளிக்கூடப் பெயர்ப்பதிவு இடாப்பில் எனக்கு வயது பன்னிரண்டு. ஆனால் ஒன்பது வயதுப் பிள்ளைகளின் உயரம்தான் இருந்தேன். "பன்னெண்டு வயசுக் குள்ளச்சி, பால் குடிச்சிட்டியா?" என்பாள் பக்கத்துக் காம்பரா காளியாயி. அம்மாவிடம் கேட்டால், "வாய மூடிக்கிட்டுப் போ" என்பாள். அப்பா எழுந்து வெளியே போய்விடுவார். பதில் அம்மா பூட்டி வைத்திருக்கும் தகரப் பெட்டிக்குள் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். சாவி அம்மாவின் இடுப்பில்.

மறுபடியும் தட்டு. கதவின் அடிப்பக்கத்திலிருந்து வந்தது. என் இடுப்பு உயரம்கூட இல்லை.

"யாரு?"

"பூரணி இருக்காளா?"

சின்னப் பிள்ளையின் குரல்.

"நான்தான் பூரணி."

சத்தம் நின்றது. பலகை இடுக்கில் கண்ணை வைத்தேன். பனி மட்டும். எங்கள் கிழட்டு நாய் யாருமில்லாத இடத்தைப் பார்த்து வாலாட்டியது. யாரோ தடவிக் கொடுப்பதுபோல் காதை மடக்கிக்கொண்டது...

"நீ இல்ல."

குரல் இப்போது அறைக்குள் இருந்தது.

"பூரணி நானு."

என் முதுகுக்குப் பின்னால்...

கழுத்தில் ஒரு கை.

ஈரம்.

சின்னக் கை.

நாலே முக்காலுக்கு அம்மா வந்தபோது அடுப்படியில் சுருண்டு கிடந்தேனாம். நடந்ததைச் சொன்னேன். பொய் சொல்கிறேன் என்று அம்மா திட்டவில்லை.

"எத்தன தரம் தட்டுனா?" என்று மட்டும் கேட்டாள்.

கூடையைக்கூட இறக்காமல் பெட்டியைத் திறந்தாள். ஒரு பிறப்புச் சீட்டு. பெயர், பூரணி. பிறந்த வருடம், 1945.

"ஒனக்கு அக்கா. நாலு வயசுல, காய்ச்சல்ல, இதே காம்பராவுல போயிட்டா. பிரஜாவுரிமைக்கு மனுப் போடுற நேரம், பிள்ளைக்கும் பிறப்புச் சீட்டு கேட்டாங்க. நீ கைக்கொழந்த, ஒன்னப் பதியல. அவ செத்ததையும் பதியல. அவ சீட்ட ஒனக்கு வச்சிட்டாரு ஒங்கப்பா."

அந்த மனுவோ 1956லேயே தள்ளுபடி.

"அப்ப என் பேரு என்னம்மா?"

அம்மா பெட்டியை மூடினாள்.

"ஒனக்குன்னு ஒரு பேரு வைக்கவே இல்லடி."