ஏணி திரும்பி வந்தால்

மாலை வேலை முடிந்து அலுவலகத்தை விட்டு வெளியேறும்போது கழுத்திலிருக்கும் அடையாள அட்டையைக் கழற்றி வரவேற்பு மேசையில் கொடுத்துவிட வேண்டும். அங்கிருக்கும் பெண் அதை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுவிட்டுப் புன்னகைப்பார். காலையில் பெயரைச் சொல்லித் திரும்ப வாங்க வேண்டும். நிரந்தர ஊழியர்கள் நீல அட்டையோடு வீட்டுக்குப் போகிறார்கள். ஏஜென்சி வழியாக வந்தவர்களுக்குச் சாம்பல் நிற அட்டை. அது கட்டடத்தைத் தாண்டாது. கனடாவின் இந்தச் சிறு நகரத்தில் பனிக்கும் ஐந்து மணிக்கே கவியும் இருட்டுக்கும் பழகிவிட்டேன். அந்த டப்பாவுக்குப் பழகவில்லை. காலையில் அட்டை அதில் இருக்குமா என்ற சந்தேகத்தோடுதான் தினமும் கண்ணாடிக் கதவைத் தள்ளினேன்.

நான் கொல்லிமலைக்காரன். மலைமேல் திருப்புலி நாடு என்ற பகுதியில் கொஞ்சம் மரவள்ளியும் மிளகும் எங்களுக்கு உண்டு. நாமக்கல்லில் ஒரு நாளிதழுக்குப் பகுதிநேர நிருபராகப் பல வருடம் செய்தி அனுப்பினேன். அந்த அலுவலகத்துக் கணினிகள் அடிக்கடி படுத்துக்கொள்ளும். அவற்றை எழுப்பி உட்கார வைக்கும் வேலை மெல்ல என் தலையில் விழுந்தது. செய்தியைவிட அதுவே பிடித்தும் போனது. படிப்பு விசாவில் இங்கே வந்து தகவல் தொழில்நுட்பத்தில் ஒரு டிப்ளமோ முடித்தேன். முடித்த பிறகுதான் தெரிந்தது, அனுபவம் இல்லாதவனுக்கு முதல் வேலை கிடைக்காது. முதல் வேலை இல்லாதவனுக்கு அனுபவம் கிடைக்காது. இடையில் இருந்த ஒரே சந்து, ஆள் அனுப்பும் ஏஜென்சி. ஒரு கல்வி அலுவலகத்தில் பழைய லேப்டாப்களை எடுத்துவிட்டுப் புதியவற்றை அமைத்துக் கொடுக்கும் தற்காலிக வேலைக்கு என்னை அனுப்பினார்கள்.

ஏஜென்சிக்காரர் கெவின் உற்சாகமானவர். “டெம்ப்பா உள்ளே போ, பெர்மனென்ட்டா ஆகிடலாம். நிறையப் பேர் அப்படித்தான்” என்று ஆங்கிலத்தில் அடித்துச் சொன்னார். அப்படி ஆன ஒருவரைக் காட்டச் சொன்னேன். சிரித்தார். ஒருவர் வாயால் மட்டும் கேட்டதை அச்சுக்கு அனுப்பாதே என்று பழக்கப்படுத்தப்பட்டவன் நான். கெவின் சொன்னதை நிலுவையில் வைத்தேன்.

என் மனைவி மலர் அதைக்கூடச் செய்யவில்லை. அவள் எங்கள் ஊர் அங்கன்வாடியில் பணியாளர். மகளோடு இங்கே வர வேண்டுமென்றால் அந்த வேலையை ராஜினாமா செய்ய வேண்டும். போனில் ஒரே கேள்விதான்.

“ஏனுங்க, வேல நெலச்சுதுங்களா?”

“நெலைக்கும்னு சொல்றாங்க மலரு.”

“அந்தக் கெவினு சொல்றதுங்களா? நானும் புள்ளைங்களுக்குத் தெனமும் நெலா காட்டித்தான் சோறு ஊட்டறேன். ஒருத்தரும் இன்னும் நெலாவப் புடிக்கலீங்க.”

அவள் ராஜினாமா என் சாம்பல் அட்டையின் நிறத்தைப் பொறுத்திருந்தது. நிறம் மாறாவிட்டால், நான் ஊருக்குத் திரும்பிப் போக வேண்டியதுதான்.

எங்கள் பக்கத்துப் பழக்கம் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். மிளகு பறிக்க ஒற்றை மூங்கில் ஏணி வேண்டும். கணுக்களில் கால் வைத்து, மிளகுக் கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தில் ஏறுவோம். அடுத்தவர் காட்டுக்கு, அதாவது தோட்டத்துக்கு, கூலிக்குப் போகிறவன் தன் ஏணியை எடுத்துக்கொண்டு போவான். சாயங்காலம் அதை அங்கேயே மரத்தில் சாய்த்துவிட்டு வருவான். நாளைக்கு வா என்று யாரும் சொல்வதில்லை. ஏணி அங்கே நின்றால் வேலை இருக்கிறது. ஆள் வேண்டாமென்றால் காட்டுக்காரர் ஏணியைத் தானே தோளில் வைத்துக் கொண்டுவந்து இவன் வாசலில் சாய்த்துவிட்டுப் போவார். காரணம் சொல்ல மாட்டார். இவனும் கேட்க மாட்டான். கேட்பது மரியாதை இல்லை. பறிப்புக் காலத்தில் மாமன் காட்டுக்கு நானும் அப்படி ஏணியோடு போனவன்தான்.

கல்வி அலுவலகத்தில் எனக்கு மேலே இருந்தவர் டோனா. ஐம்பது வயதிருக்கும், எப்போதும் கையில் காபி. லேப்டாப்கள் குறையக் குறைய, ஹெல்ப்டெஸ்க் தொலைபேசியில் என்னை உட்கார வைத்தார். கடவுச்சொல்லை மறந்த ஆசிரியர்கள், அச்சடிக்க மறுக்கும் பிரின்டர்கள். நன்றாகவே செய்தேன். ஒரு நாள், நான் செய்கிற வேலைகளைப் படிப்படியாக எழுதித் தரச் சொன்னார். “அடுத்து வருகிறவர்களுக்கு உதவும்” என்றார். எழுதிக் கொடுத்தேன். ஆனால் அடுத்து வருகிறவர் யார், அவர் வந்ததும் நான் எங்கே என்ற இரண்டு கேள்விகளும் என்னோடு பஸ்ஸில் வீடு வரைக்கும் வந்தன. வேலை நீடிக்குமா என்று ஒருமுறை நேராகவே கேட்டேன். “பார்க்கலாம்” என்றார் டோனா. சொன்ன முகத்தில் எதுவும் இல்லை.

கடைசி லேப்டாப்பும் போய்ச் சேர்ந்த வெள்ளிக்கிழமை, தற்காலிகக்காரர்கள் மேசையைக் காலி செய்வது வழக்கம். நான் காலி செய்யவில்லை. சொந்தக் காசில் வாங்கிய திருப்புளிகளைத் துணியில் சுருட்டி வைத்திருந்தேன். அந்தச் சுருளை மேசை இழுப்பறையிலேயே விட்டுவிட்டுக் கிளம்பினேன். வேறு எப்படிக் கேட்பதென்று எனக்குத் தெரியவில்லை.

பஸ் நிறுத்தத்தில் நின்றபோது டோனா கோட்டுகூடப் போடாமல் பனியில் ஓடி வந்தார். கையில் என் சுருள். “இதை மறந்துவிட்டாய்!” என்று மூச்சு வாங்கச் சொல்லி, என் கையில் வைத்து, இரண்டு கைகளாலும் அழுத்தினார். நன்றி சொன்னேன். காரணம் கேட்கவில்லை.

திங்கட்கிழமை நான் வேலைக்குப் போகவில்லை. மலரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் வெடித்தாள்.

“ஏனுங்க, அந்தம்மா திருப்புலி நாட்டுலயா பொறந்துச்சு? அதுக்கு நம்ம ஏணி தெரியுமாங்க? ஊரெல்லாம் கேள்வி கேட்டு பேப்பர்ல போட்டவரு, சொந்த வேலைக்கு ஒரு கேள்வி கேக்க முடியாம ஊட்டுக்குள்ள போத்திப் படுத்திருக்கீங்க!”

அன்று பகலில் கெவின் அழைத்தார். குரலில் உற்சாகம் இல்லை. டோனா காலையிலிருந்து என்னைத் தேடுகிறாராம். சொல்லாமல் நின்றுவிட்டேன் என்று முடிவு கட்டும் நிலையில் இருக்கிறாராம்.

மறுநாள் போனேன். அட்டை டப்பாவில் இருந்தது. டோனா அறைக் கதவைச் சாத்தினார்.

“உடம்பு சரியில்லையா?”

“இல்லை. நீங்கள் என் கருவிகளைத் திருப்பிக் கொடுத்தீர்கள்.”

“வாரக் கடைசியில் உனக்குத் தேவைப்படுமே என்று கொடுத்தேன்.”

ஏணிக் கதையைச் சொன்னேன். ஆங்கிலத்தில் அது எனக்கே அபத்தமாக ஒலித்தது. டோனா சிரிக்கவில்லை. “நிரந்தர வேலை கொடுப்பதாக நேற்றுக் காலை உன்னிடம் சொல்ல இருந்தேன். நீ வராததும், உனக்கு இங்கே பிடிக்கவில்லை, கருவிகளை வாங்கிக்கொண்டு போய்விட்டாய் என்று நினைத்தேன்” என்றார். பிறகு கொஞ்சம் கோபத்தோடு, “இங்கே நாங்கள் வாயால் சொல்வோம். நீயும் வாயால் கேள்” என்றார்.

நான் வாயால் கேட்டிருந்தேன், பார்க்கலாம் என்ற பதில்தான் வந்தது என்பதை அவருக்கு நினைவூட்டவில்லை. ஹெல்ப்டெஸ்க்கில் நிரந்தர வேலை. முதல் ஆறு மாதம் பரிசோதனைக் காலம். அந்த ஆறு மாதத்துக்குள் எந்தக் காரணமும் சொல்லாமல் அனுப்பிவிடலாம் என்று ஒப்பந்தத்தில் இருந்ததை இரண்டு முறை படித்தேன். காரணம் சொல்லாமல் அனுப்புவது எங்கள் மலையில் மட்டும் இல்லை. கையெழுத்துப் போட்டேன்.

அன்று சாயங்காலம் நீல அட்டையோடு வீட்டுக்கு வந்தேன். போனில் மலருக்குக் காட்டினேன்.

“அப்ப ஆறு மாசம் கழிச்சுத்தான் நெலைக்குமுங்களா?”

“அப்படித்தான் போட்டிருக்காங்க.”

“சரி, புள்ளையக் கூட்டிக்கிட்டு வாரேன். ஆனா லீவு போட்டுட்டுத்தான் வருவேனுங்க. ராஜினாமா எழுதிக் குடுக்க மாட்டேன்.” தொடர்ந்து சொன்னாள்: “அப்பறம், நம்ம ஏணி இன்னும் மாமன் காட்டுலயே நிக்குதுங்க. நீங்க போறதுக்கு முந்தி சாய்ச்சுட்டுப் போனது. அவரு கொண்டாந்து வெக்கவே இல்ல. நான் போயி வாங்கியாந்துரட்டுங்களா?”

திருப்புளிச் சுருள் அப்போது அலுவலக இழுப்பறையில் இருந்தது. காலையிலேயே கொண்டுபோய் வைத்திருந்தேன்.

“வேண்டாம். கேட்காதே” என்றேன்.